மடியில் கட்டிய கூம்பு நத்தை

என் வீட்டுக்காரர் பவளப்பாறையில் மூழ்கிக் கூம்பு நத்தை எடுப்பவர். ஓட்டில் வலை பின்னியதுபோல் கோடுகள் ஓடும். அலங்காரக் கடைக்காரர்கள் போட்டி போட்டு வாங்குவார்கள். பார்க்கத்தான் அழகு. நுனியிலிருந்து ஊசி மாதிரி ஒரு பல்லை நீட்டிக் குத்தினால் ஆளே காலி. அதனால் இடுக்கியால் எடுத்துத் தகரப் பெட்டியில்தான் போடுவார்.

நத்தைகள் நிறைய இருந்த பாறையிடுக்கு ஒன்றே ஒன்றுதான். பெரியதை எடுத்துக்கொண்டு சின்னதை வளர விட்டு வருவார். எங்கள் பிழைப்பே அது. அந்த இடத்தை யாரிடமும் அவர் மூச்சு விட்டதில்லை. என் தம்பி வேலை வெட்டி இல்லாமல் சுற்றுகிறானே என்று நான் நச்சரித்ததால் அவனுக்கு மட்டும் காட்டினார்.

"நான் இல்லாம இங்க வராத மச்சான். எடுத்தத மடியில மட்டும் கட்டாத."

"உங்க பேச்சத் தட்டுவனா மாமா?" என்றான். வாயில் தேன் ஒழுகும், படுபாவிக்கு!

இவர் காய்ச்சலில் படுத்திருந்தபோது, தம்பி கரையில் சுருண்டு விழுந்துவிட்டதாகச் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அவனுக்கு இமை தொங்கிவிட்டது, நாக்கு குழறியது. ஜெல்லி மீன் சுட்டதாக டாக்டரிடம் சொல்லியிருந்தான். நர்ஸ் களிம்பு தடவிக்கொண்டிருந்தார்.

இவர் அவன் உடம்பைப் பார்த்தார். ஜெல்லி மீன் சுட்டால் வரும் தடிப்பே இல்லை, இடுப்பில் ஒரு புள்ளி மட்டும். கழற்றிப் போட்ட ஈரத்துணியை உதறினார். மடிப்பிலிருந்து நத்தைகள் உருண்டன. ஒன்றுதான் பெரியது. மற்றதெல்லாம் இவர் வளர விட்ட குஞ்சுகள். மற்ற படகுக்காரர்கள் கண்ணில் படாமல் மடியில் ஒளித்திருக்கிறான்.

"இதுதானே குத்துச்சு?"

"இல்ல மாமா... ஜெல்லி மீன்தான்."

மூச்சுத் திணறும்போதும் அதையே சாதித்தான்.

"பொய் சொல்றான் டாக்டர்! கூம்பு நத்தை குத்தியிருக்கு. மூச்சு நின்னுடும், மெஷின வைங்க!" என்று இவர் கத்தினார். வைத்தார்கள். பிழைத்துக்கொண்டான்.

பிறகு இவர் பாறைக்குப் போய்ப் பார்த்தார். இடுக்கு துடைத்துப் போட்டதுபோல் கிடந்ததாம். கூடப்பிறந்தவனே கழுத்தறுத்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

உடம்பு தேறியதும் பழப்பையோடு வாசலில் வந்து நின்றான். முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினேன்.

"திருட்டுப் பயலுக்கு இங்க என்ன வேலை?" என்றேன்.

இவர் சாப்பாட்டுத் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"திருடினதக்கூட விடு. உண்மை தெரிஞ்சா நான் அவனச் சாக விட்டுடுவேன்னு நெனச்சிட்டானே" என்றார்.