கோராகு வீட்டுப் பெண்

நம் ஊரில் யாருக்கும் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்தைச் சுமந்துகொண்டு திரிவோம், அவ்வளவுதான். ஆனால் ஆவடியில் சுசீலாவுக்கு மட்டும் சபையே கூடி ஒரு குடும்பப் பெயர் வைத்தது. அதுவும் எபிரெயப் பெயர். பத்தொன்பது வயதிலிருந்து அவள் கோராகு வீட்டுப் பெண்.

வேதாகமத்தில் வரும் கோராகு, இறைப்பணி செய்யும் லேவி கோத்திரத்தான். சபை முழுக்கப் பரிசுத்தமாக இருக்கையில் நீர் மட்டும் ஏன் உயரத்தில் நிற்கிறீர் என்று மோசேயைக் கேட்டவன். ஆண்டவரின் தண்டனையாகப் பூமி பிளந்து அவனையும் அவன் வீட்டையும் விழுங்கியது. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளை மிரட்டுவதற்கு இதைவிட வசதியான கதை இல்லை.

சுசீலாவின் அப்பா ஞானமுத்து, படைத்துறைத் தொழிற்சாலையில் கடைசல் பிடிப்பவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியேறியவர். வாய் கொஞ்சம் நீளம். 1981இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை நடுவே எழுந்து, "அங்கி போட்டவர் மட்டுந்தான் ஆண்டவருக்குப் பக்கத்துல நிக்கணுமா? அப்ப நாங்கள்லாம் யாரு?" என்று போதகரைக் கேட்டுவிட்டார். பேச்சு முற்றி, பதினொரு குடும்பங்களை அழைத்துக்கொண்டு போய் முத்தாபுதுப்பேட்டையில் ஆராதனைக்கென்று தனியே ஒரு கீற்றுக் கொட்டகை போட்டார். தண்ணீருக்குக் கிணறு வெட்டினார்கள். ஐப்பசி மழையில் ஊறிக் கிடந்த கரை சரிந்து, ஞானமுத்துவும் வேம்புலி என்ற கொத்தனாரும் மண்ணுக்குள் போனார்கள்.

பெயர் வைக்க இரண்டு நாள்கூட ஆகவில்லை. பூமியே வாயைத் திறந்துவிட்டது, வேறென்ன அத்தாட்சி வேண்டும்? கோராகு என்றால் எபிரெயத்தில் வழுக்கை என்று ஒரு வாத்தியார் எந்தப் புத்தகத்திலோ தேடிப் பிடித்துச் சொன்னார். ஞானமுத்துவுக்கு நாற்பதிலேயே தலை பளபளக்கும். அர்த்தமும் பொருந்திவிட்டதில் சபைக்கு ஒரே திருப்தி. அடுத்தவர் வீட்டு இழவில் நம் ஆட்களுக்கு ஓடுகிற ஆராய்ச்சி மூளை வேறு எதிலும் ஓடுவதில்லை.

அம்மா மங்களமும் அடுத்த வருஷமே போய்ச் சேர்ந்தாள். குவார்ட்டர்ஸைக் காலி செய்த சுசீலா ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் சுவிட்சு பூட்டும் வேலைக்குப் போனாள். ஞாயிறு தவறாமல் பழைய கோவிலுக்கே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். நல்ல குரல் அவளுக்கு. ஆனாலும் பாடகர் குழுவில் சேர்க்கவில்லை, வேதபாடம் வாசிக்கவும் கூப்பிடவில்லை. கொட்டகை கலைந்தபின் வேம்புலியின் மனைவி தாயம்மாவும் பழைய கோவிலுக்குத் திரும்பியிருந்தாள். பத்து வருஷமாக எதிர் வரிசையில் உட்காரும் அவள் சுசீலாவிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. புருஷனைக் காவு கொடுத்தவளுக்குத் தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று சுசீலா தானாகவே முடிவு கட்டிக்கொண்டாள்.

1992இல் எஸ்டேட்டில் ஸ்டோர் கீப்பராக இருந்த ஜெயசீலன் அவளைப் பெண் கேட்டான். மாங்காட்டுக்காரன், நிதானமானவன். அவனுக்கு அவளைப் பிடித்திருந்தது, அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. ஆனால் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை உண்டென்றால் எழுந்து சொல்லுங்கள் என்று போதகர் அறிவிப்பார். ஜெயசீலனின் அம்மா புஷ்பம் இதற்கு இரண்டு நிபந்தனை போட்டாள்.

"அந்த மனுஷன் பேரு ஓலையில வரக் கூடாது. அம்மா பேரைச் சொல்லியே படிக்கட்டும். அப்புறம் ஒண்ணு, ஒரே ஒருத்தர் எழுந்து நின்னாலும் நாங்க கெளம்பிடுவோம்."

சுசீலா சரி என்றாள். முப்பது வயது. தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டு அலுத்துப் போயிருந்தாள். இதில் வீராப்புக் காட்ட அவளிடம் தெம்பு இல்லை.

முதல் ஞாயிறு, "காலஞ்சென்ற மங்களத்தின் மகள் சுசீலா" என்று வாசித்தார் புதிய போதகர். யாரும் எழவில்லை. இரண்டாம் ஞாயிறும் அப்படியே. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. அந்த அப்பாடாதான் பிறகு முள்ளாகக் குத்தியது. அப்பா பெயர் காதில் விழாததற்கா இவ்வளவு நிம்மதி?

வெளியே வந்ததும் சபைச் செயலாளர் குணசேகரன் பக்கத்தில் வந்து நின்றார். "தாயம்மா அடுத்த வாரம் எழுந்து நிக்கப் போவுதாம். எங்கிட்டயே சொல்லிச்சு. பாத்துக்கம்மா."

சனிக்கிழமை மத்தியானம் முத்தாபுதுப்பேட்டைக்குப் போய்த் தாயம்மா வீட்டு வாசல் வரை நடந்தாள். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. காலில் விழுந்து கேட்டால் இரங்குவாளா? கதவைத் தட்டக் கை எழவில்லை. திரும்பி வந்துவிட்டாள்.

வந்து வேதாகமத்தை எடுத்தாள். கோராகு செத்த அதிகாரத்தோடு எல்லாரும் நிறுத்திவிடுவார்கள். பத்து அதிகாரம் தள்ளி ஒரு ஜனக்கணக்கு வரும், வெறும் பெயர்களாக. அதை யார் படிக்கிறார்கள்? சுசீலா படித்திருந்தாள். அந்தப் பட்டியலுக்கு நடுவே, கோராகின் பிள்ளைகள் மட்டும் சாகவில்லை என்று ஒரே ஒரு வரி. பிழைத்தவர்களின் சந்ததி ஆலயத்தில் பாடகர்கள் ஆனது, வாசல் காத்தது. பத்துப் பன்னிரண்டு சங்கீதங்களின் தலைப்பில் இன்றும் கோராகின் புத்திரர் என்றுதான் இருக்கிறது. சபையில் வாசிக்கிறவர்கள் தலைப்பை விட்டுவிட்டு முதல் வசனத்துக்குத் தாவிவிடுவார்கள்.

இதெல்லாம் அவளுக்கு வருஷக்கணக்காகத் தெரியும். தன் வீட்டுக்காகத் தானே வக்காலத்து வாங்கக் கூச்சப்பட்டு யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்குத்தான் வேறொன்று உறைத்தது. அந்தப் பிள்ளைகள் நினைத்திருந்தால் வேறு நல்ல பாட்டன் பெயரைப் போட்டுக்கொண்டிருக்கலாம். போட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிறு காலை ஆராதனைக்கு முன் போதகரின் அறைக்குப் போனாள்.

"ஐயா, இன்னிக்கு எங்கப்பா பேரைச் சொல்லிப் படிங்க."

போதகர் நிமிர்ந்து பார்த்தார். "மாப்பிள்ளையோட அம்மா ஒத்துக்க மாட்டாங்களேம்மா. தாயம்மா வேற எழுந்திருப்பாங்கன்னு சொல்றாங்க. ரெண்டும் ஒரே நாள்ல எதுக்கு?"

"கோராகு பசங்க அப்பா பேரை விடலியே ஐயா. நான் மட்டும் விட்டுட்டேன்."

அவர் பேனாவை எடுத்து ஓலையைத் திருத்தினார்.

கோவிலுக்குள் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. முன்வரிசையில் ஜெயசீலனும் புஷ்பமும். போதகர் வாசித்தார்: "காலஞ்சென்ற ஞானமுத்துவின் மகள் சுசீலா." சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. புஷ்பத்தின் முதுகு விறைத்தது. "தடை உண்டென்றால் இப்போதே சொல்லவும்."

தாயம்மா எழுந்தாள்.

புஷ்பமும் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சுசீலா பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் போய்விட்டது என்றே நினைத்தாள்.

"தடை சொல்றீங்களாம்மா?" என்றார் போதகர்.

"சொல்லத்தான் வந்தேன்" என்றாள் தாயம்மா. "ரெண்டு வாரமா அந்தாளு பேரைச் சொல்லாமப் படிச்சீங்க. அன்னிக்கு கெணத்துக்குள்ள எறங்குனது எங்கூட்டுக்காரர் மட்டுந்தான். மண்ணு இடுப்புக்கு வந்துடுச்சின்னு கத்துனாரு. இவங்கப்பா மேலதான் நின்னுகினு இருந்தாரு. ஓடியிருக்கலாம். உள்ள குதிச்சாரு. அப்புறந்தான் ரெண்டாவது வாட்டி சரிஞ்சுது. தோண்டி எடுக்கச்சொல்லோ எங்கூட்டுக்காரர் கைய அந்தாளு புடிச்சுகினு இருந்தாரு. நான் பாத்தேன்."

சுசீலாவுக்கு இது தெரியாது. இரண்டு பேரும் கீழே வெட்டிக்கொண்டிருந்தார்கள் என்றுதான் இத்தனை நாளும் நம்பியிருந்தாள்.

"இத்தினி வருசம் ஏன் சொல்லல?" என்றார் குணசேகரன், பக்கத்து வரிசையிலிருந்து.

"எவன் கேட்டீங்க? பேரு வெக்கத்தான் வந்தீங்க. எங்கூட்டுக்காரருக்காகப் போன மனுசனோட பொண்ணு, அது மூஞ்சியப் பாத்துப் பேச எனக்கும் தெம்பு இல்ல." தாயம்மா போதகர் பக்கம் திரும்பினாள். "அந்தாளு பேரே வேணாம்னா, எங்கூட்டுக்காரர் கைய யாரு புடிச்சது? இன்னிக்கு படிச்சிட்டீங்க. எனக்கு தடை இல்ல." உட்கார்ந்துவிட்டாள்.

புஷ்பம் கைப்பையோடு நின்றுகொண்டே இருந்தாள். ஜெயசீலன் எழவில்லை. "உக்காருமா" என்று மெல்லச் சொன்னான். அவள் சபையை ஒருமுறை பார்த்தாள், கடைசி பெஞ்சில் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கியவளைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. பதிவேட்டில் தகப்பன் பெயர் என்ற கட்டத்தில் ஞானமுத்து என்று சுசீலா நிறுத்தி எழுதினாள். சாட்சி என்ற இடத்தில் தாயம்மா கைநாட்டு வைத்தாள்.