தீவில் ஐந்து நாள் சும்மா இருந்தது

ஏழு வருடம் நான் லீவு எடுக்கவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டவர்கள் பெருமையாக நினைத்தார்களா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

வண்டன்மேட்டுப் பக்கம் மலையில் ஓர் ஏலத்தோட்டத்தில் எனக்கு ஸ்டோர் வேலை. ஸ்டோர் என்றால் கடை இல்லை. பச்சைக் காயைச் சூட்டில் உலர்த்தும் கட்டடம். காய் எடுப்புக் காலத்தில் அடுப்பு அணையக் கூடாது. சூடு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. தோட்டத்து வரிசை வீடுகளை லயம் என்போம்; லயத்து வீட்டுக்கு நான் போவது குளிக்க மட்டும். கல்யாணமாகி நாலு வருடம் இப்படித்தான் போயிற்று.

முதலாளி பாலக்காட்டு ராவுத்தர், வியாபாரி. கொச்சிக்குப் பக்கத்தில், கடல் உள்ளே வளைந்து வரும் இடத்தில், ஒரு சின்னத் தீவில் அவருக்கு ஒரு பங்களா இருந்தது. வெளியூர் வியாபாரிகள் வந்தால் அங்கே தங்கவைப்பார். அந்த வருடம் காய் எடுப்பு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"பொண்டாட்டியக் கூட்டிட்டு அஞ்சு நாள் அங்க போய் இருந்துட்டு வா."

"அங்க என்ன வேலை முதலாளி?"

"தின்னு, தூங்கு. வேற ஒண்ணும் செய்யாதே, கேட்டியா?"

கேட்டேன். ஆனால் மண்டையில் ஏறவில்லை.

கிளம்பும்போது என் மனைவி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். "அஞ்சு நாளும் எம் பக்கத்துல உக்காந்திருக்கணும். வேலைன்னு எந்திரிச்சீகன்னா, திரும்பி வரையில குமுளியில எறங்கி நான் கம்பத்து பஸ் ஏறிருவேன். எங்கம்மா வீட்டுலயே இருந்துக்கிறேன். நான் என்ன அந்த லயத்துக்குக் காவக்காரியா?"

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். டிரங்குப் பெட்டியைத் தூக்கியபோதுதான் தெரிந்தது. இருந்த சேலை அத்தனையையும் எடுத்து வைத்திருந்தாள்.

நான் எடுத்து வைத்தது ஒரு கம்பளி. அட்டைக் கடிக்குப் புகையிலை. கடற்கரையில் குளிரும், அட்டை இருக்கும் என்று நினைத்த ஆள் நான்.

பஸ், பிறகு போட், பிறகு ஒரு வள்ளம். தீவு நன்றாகத்தான் இருந்தது. தென்னை, மணல், வெயில். காற்று கதகதவென்று வந்தது. கம்பளியை அவள் கண்ணில் படாமல் கட்டிலுக்கடியில் தள்ளினேன். சமையலுக்கும் காவலுக்கும் வயதான மலையாளத்துக்காரர் ஒருவர் இருந்தார்; தமிழன் என்பதால் என்னைப் பாண்டிக்காரா என்றுதான் கூப்பிடுவார். இரண்டு கித்தான் நாற்காலியைத் தண்ணீர் பார்க்கப் போட்டுக் கொடுத்தார்.

முதல் நாள் உட்கார்ந்தேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் ஆளைப் பாதி விழுங்கிவிடும். எழுவதற்கு ஒருவர் கை கொடுக்க வேண்டும். அதனால் அன்று தப்பித்தேன். இரண்டாம் நாள் எழும் வித்தை பிடிபட்டுவிட்டது. விழுந்து கிடந்த தென்னை மட்டைகளை ஓரமாக இழுத்துப் போட்டேன். கிணற்றுக் கயிற்றின் முடிச்சை மாற்றிப் போட்டேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மதியம் காவல்காரர் மீன் வாங்க அக்கரைக்குப் போயிருந்தார். அவள் உள்ளே தூங்கினாள். நான் பங்களாவைச் சுற்றி வந்தேன். பின்பக்கம் பார்த்தேன், பகீரென்றது.

ஏலச்செடி மாதிரியே எட்டுச் செடி, வரிசையாக. இலை முழுக்க மஞ்சள் கோடு.

எங்கள் தோட்டத்தில் கட்டை நோய் வந்தால் இப்படித்தான் இலையில் கோடு விழும். ஒரு செடியை விட்டால் பத்துச் செடிக்குப் பரவும். கண்ட இடத்தில் தோண்டி எரிக்க வேண்டும், யாரையும் கேட்கக் கூடாது. அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தீவில் வேறு ஏலச்செடி ஏது, எதற்குப் பரவும் என்று நான் யோசிக்கவில்லை. ஷெட்டில் மண்வெட்டி இருந்தது. எட்டையும் கிழங்கோடு தோண்டிக் குவித்தேன். தீப்பெட்டி தேடிக்கொண்டிருந்தபோது காவல்காரரின் வள்ளம் வந்து சேர்ந்தது.

"எண்ட தெய்வமே! பாண்டிக்காரா, எந்தாணு செய்தது?"

"நோய் விழுந்த செடி."

"நோயோ? அது பூச்செடியாணு! இந்த மஞ்சக் கோட்டைப் பாக்கானாணு ஆளுகள் வருந்நது! முதலாளி சிலோன்லேர்ந்து கப்பல்ல கொண்டு வந்தது! எண்ட ஜோலி போயி!"

சத்தம் கேட்டு அவள் எழுந்து வந்தாள். என் கையிலிருந்த மண்வெட்டியைப் பார்த்தாள். குவியலைப் பார்த்தாள். பேசாமல் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து துணியை அடுக்க ஆரம்பித்தாள்.

மண் கையோடு வாசலில் நின்றேன்.

"செடிக்கு நோயின்னு நெனச்சேன்."

"செடிக்கு இல்ல. உங்களுக்குத்தான். நான் பக்கத்துல உக்காந்தா என்ன, முள்ளு குத்துதா?"

"குத்தல. என்ன பேசுறதுன்னு தெரியல."

"என்னது?"

"அடுப்புன்னா பேச வேணாம். உங்கூட உக்காந்தா ஏதாச்சும் பேசணும்ல. எனக்கு ஒண்ணும் வரமாட்டேங்குது."

துணியைக் கீழே வைத்தாள். "நாலு வருசமா இதுக்கா ஸ்டோருக்கு ஓடுனீக?"

"ஆமா."

"உங்களை யாரு பேசச் சொன்னா? நான் பேசுவேன்ல. கேக்குறதுக்குக் காது இல்லையா?"

இது எனக்குத் தோன்றவே இல்லை. நாலு வருடம் தோன்றவில்லை.

"மொதல்ல அந்தாளு வயித்துல அடிச்சதச் சரி பண்ணுங்க" என்றாள். எட்டுச் செடியையும் திரும்ப நட்டேன். கிழங்கு முறியாமல் தோண்டியிருந்தேன். அதில் மட்டும் நான் மோசமில்லை. குழி ஆழம் போதாது என்று அவள் இரண்டைப் பிடுங்கி மறுபடி நடவைத்தாள். காவல்காரர் கைகட்டி நின்றார். பிழைத்தால் முதலாளிக்குச் சொல்ல மாட்டேன் என்றார். பிழைக்காவிட்டால் என் பெயரைச் சொல்வதாகச் சொன்னார். நியாயம்தான்.

நாலாம் நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். பேசினாள், பேசினாள், காப்பி ஆறிப்போயும் பேசினாள். தகரக் கூரையில் காற்றடித்தால் அவளுக்குப் பயம் என்று அன்றுதான் தெரிந்தது. மேட்டில் காற்றடிக்கும் அந்த லயத்து வீட்டை, ஸ்டோருக்குப் பக்கம் என்று, நான்தான் முதலாளியிடம் கெஞ்சி வாங்கியிருந்தேன். நடுவில் ஒருமுறை என் கண் அசந்துவிட்டது. முழங்கையால் இடித்தாள்.

ஐந்தாம் நாள் வள்ளத்துக்குக் காத்திருந்தோம். கம்பத்துக்கா, மலைக்கா என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"மலைக்கே வாரேன். வாற காய் எடுப்புக்கு ஸ்டோர்ல அடுப்புப் பக்கமா எனக்கும் ஒரு முக்காலி போடுங்க."

உலர்ந்த காயைப் பொறுக்கித் தரம் பிரிக்கும் நேரம் தவிர ஸ்டோருக்குள் பெண்கள் வரும் வழக்கமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அந்த ஐந்து நாளில் நான் செய்ய நினைத்ததைச் செய்யாமல் சும்மா இருந்தது அந்த ஒரு தடவைதான்.