கோபமே வராது: ஆதாரம் கீழே

மல்லசமுத்திரத்துப் பச்சமுத்துவுக்கு டயர் பட்டறையில் வேலை. அது வயிற்றுக்கு. மனசுக்கு, ‘மாப்பிள்ளை மேடை’ என்ற வரன் தேடும் இணையதளம். அதில் மற்றவர்கள் போடும் பதிவுகளில் எழுத்துப்பிழை திருத்துவது அவருடைய பொறுப்பு. மனிதர் அதோடு நிற்பாரா? எதற்கெடுத்தாலும் கீழே ‘ஆதாரம்’ என்று ஒரு லிங்க் ஒட்டிவிடுவார். “பெண் சிலை மாதிரி இருப்பாள்” என்று ஒரு தகப்பனார் எழுதியதற்குக் கோயில் சிற்பப் பக்கத்தை ஒட்டினார். திறந்தால் முதல் படமே கதாயுதத்தோடு துவாரபாலகர்.

“ஏனுங்க, ஊரான் எழுதுனதுக்கு நீங்க எதுக்குங்க வாலு ஒட்டறீங்க? அதை எவன் தொட்டுப் பாக்கறான்?” என்பாள் மனைவி தமிழ்ச்செல்வி.

“ஆதாரம் இல்லாத பேச்சு காத்து போன டயருடி.”

ஆனால் ஒருவரும் தொட்டுப் பார்ப்பதில்லை என்பது அவருக்கும் தெரியும். அது உள்ளுக்குள் உறுத்தும். வெளியே சொல்ல மாட்டார்.

இப்படி இருக்கையில் அவருடைய சிநேகிதன் செல்லமுத்து தன் வரன் பதிவைப் போட்டான். போர்வெல் போடும் ரிக் வண்டி ஓட்டுபவன். பெண் பார்த்துப் பார்த்தே முன்தலையில் வழுக்கை ஏறிவிட்டது. இதுவும் அமையாவிட்டால் விட்டுவிடப்போவதாகச் சொல்லியிருந்தான். பதிவில் ‘எனக்குக் கோபமே வராது’ என்று ஒரு வரி. பச்சமுத்துவுக்குக் கை அரித்தது. தேடிப் பிடித்து ஒரு வீடியோவை ஒட்டினார். ஒரு தோட்டத்தில் ரிக் ஓட்டியும் தண்ணீர் வராமல் புழுதியாய்ப் பறக்க, தோட்டத்து அம்மா செல்லமுத்துவின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுகிற வீடியோ. அவன் எதிர்த்துப் பேசாமல் நிற்பான்.

மறுநாள் செல்லமுத்து பட்டறைக்குள் புயலாய் நுழைந்தான்.

“ஏன்டா பாவி! பொண்ணும் போச்சு, பொழப்பும் போச்சு! தண்ணி வராத ரிக்குக்காரன்னு நீயே ஊருக்குத் தமுக்கடிப்பியா?”

“மெதுவாப் பேசுடா. இதை எவனாச்சும் வீடியோ எடுத்தா என் லிங்க் பொய்யாப் போயிரும்.”

செல்லமுத்து டயர் கழற்றும் இரும்பு லீவரைத் தூக்கினான். அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. புது நம்பர். ஒரு கையில் லீவர் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டான்.

“வணக்கமுங்க. நான் பிரவீனா, இளம்பிள்ளையில சேலைக்கடையில இருக்கறனுங்க. உங்க பதிவு பாத்தேன். எல்லா மாப்பிள்ளையும் கோபம் வராதுன்னுதான் எழுதறாங்க. உங்களுக்கு மட்டுந்தான் வீடியோ இருந்துச்சு.”

பச்சமுத்துவுக்குக் கண் கலங்கியது. பட்டறைப் புகை என்று துடைத்துக்கொண்டார்.

“கடைசியில அந்த அம்மாகிட்ட என்னமோ சொல்றீங்க, கேக்கல. என்னங்க சொன்னீங்க?”

செல்லமுத்து லீவரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான். “வெயிலுங்க. நெழலுக்கு வந்து திட்டுங்கம்மான்னு சொன்னனுங்க.”

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். “ஞாயித்துக்கெழமை ஊட்டுக்கு வாங்க. ஆனா எங்கப்பாவும் நல்லாத் திட்டுவாருங்க. நிப்பீங்களா?”

செல்லமுத்து வேட்டியைச் சரிசெய்துகொண்டான், அவள் பார்த்துக்கொண்டிருப்பதைப் போல.

“எவ்வளவு நேரம்னாலும் நிக்கறனுங்க.”