நோயாளியைச் சோம்பேறியாக்கிய சொல்

1920களின் பிற்பகுதி அது. சாந்தன்பாறைக்குப் பக்கத்தில் ஓர் ஏலத்தோட்டத்தில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வயது இருபத்திரண்டு. சொந்த ஊர் மீனாட்சிபுரம். எங்கள் குடும்பத்தில் இங்கிலீஷ் படித்த முதல் ஆள் நான்தான். அதனால் மலையேறும்போதே தலைக்கனத்தையும் மூட்டையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

அப்போது எனக்கு ஒரு பைத்தியம் இருந்தது. பாலக்காட்டில் பழைய புத்தகம் விற்பவரிடம் அட்டை கிழிந்த இங்கிலீஷ் அகராதி ஒன்றை வாங்கியிருந்தேன். தினமும் அதிலிருந்து ஐந்து கடினமான சொற்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் வைத்து மூன்று வாக்கியம் எழுதிப் பழகுவேன். எழுதியதை யாரிடம் காட்டுவது? தோட்டத்தில் அதைப் படிக்கக்கூடியவர் வெள்ளைக்காரத் துரை ஒருவர்தான். ஆகவே அவருக்குப் போகும் கடிதங்களில் அந்தச் சொற்களை எப்படியாவது நுழைத்துவிடுவேன். ஏலக்காய் இன்னும் காயவில்லை என்பதைச் சொல்ல எனக்கு அரைப்பக்கம் வேண்டும். துரை ஒன்றும் சொன்னதில்லை. அதையே பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஆடி மாதத்து மழையில் ஒரு பெண் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புருஷனோடு வேலைக்கு வந்து, கூலியாட்களின் வரிசை வீடுகளான லயத்தில் குடியிருந்தவள்.

“ஐயா, எம் வீட்டுக்காரருக்கு மலைக்காய்ச்சல். நடுக்கம் வந்தா எந்திரிக்கவே முடியல. துரைக்கு ஒரு மனு எழுதித் தாங்கய்யா. ஒரு மாசம் லயத்துல படுத்துக் கெடக்க விட்டாப் போதும். நான் வேலைக்கு வந்துருதேன்” என்றாள்.

நியாயமாக இரண்டு வரியில் முடிய வேண்டிய மனு. நான் ஒரு பக்கம் எழுதினேன். அந்த வாரம் ‘இன்டிஸ்போஸ்ட்’ என்ற சொல்லைப் படித்திருந்தேன். உடம்பு சரியில்லாதவர் என்று அகராதியில் பொருள் போட்டிருந்தது. கிடைத்தது வாய்ப்பு என்று, ‘மை ஹஸ்பண்ட் இஸ் இன்டிஸ்போஸ்ட் டு வொர்க்’ என்று எழுதிவிட்டேன். காகிதத்தில் அது அத்தனை அழகாக இருந்தது. அவள் கைநாட்டு வைத்தாள். இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் மனுவைத் துரையின் பங்களாவுக்கு அனுப்பினேன். கீழ்ப்பகுதித் தோட்டத்தில் வேலை இருந்ததால் அங்கே போய்விட்டேன். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது, மேஜையில் அந்த மனு கிடந்தது. ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் துரை எழுதியிருந்தார்: வேலை செய்ய மனமில்லாதவனுக்கு இங்கே இடமில்லை, இருவரும் லயத்தைக் காலி செய்யட்டும்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அகராதியை எடுத்துப் பிரித்தேன். உடம்பு சரியில்லாதவர் என்ற பொருளுக்கு நேர் கீழே, அடுத்த வரியிலேயே, ஒரு காரியத்தைச் செய்ய மனமில்லாதவர் என்று இன்னொரு பொருள் இருந்தது. நான் சேர்த்த ‘டு வொர்க்’ அந்த இரண்டாவது பொருளைத்தான் கொடுத்திருக்கிறது. காய்ச்சலில் கிடந்தவனை, வேலை செய்ய இஷ்டமில்லை என்று பெண்டாட்டி வாயாலேயே சொல்ல வைத்திருக்கிறேன்.

லயத்துக்கு ஓடினேன். அறை காலியாக இருந்தது. விடியற்காலையிலேயே போடி வழியாக ஊருக்குப் புறப்பட்டுவிட்டார்கள் என்று பக்கத்து அறைக்காரர் சொன்னார். “நடக்க முடியாத மனுசன்யா. கைத்தாங்கலாத்தான் கூட்டிட்டுப் போனா” என்றார்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். திரும்பி வரும் வழியில், பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்றும் ஒரு யோசனை வந்தது. அந்தப் பெண்ணுக்கு எழுத்துத் தெரியாது. துரை தன் உத்தரவு சரி என்றே நினைத்துக்கொண்டிருந்தார். பங்களா வாசல்வரை அந்த யோசனை என்னோடு வந்தது. நல்லவேளை, படியேறியதும் வாய் தானாகவே உண்மையைச் சொல்லிவிட்டது.

துரை மனுவை வாங்கி மறுபடியும் படித்தார். முகம் சிவந்தது. “‘சிக்’ என்று எழுத உனக்குத் தெரியாதா?” என்று இங்கிலீஷில் கேட்டார். உத்தரவை ரத்து செய்து ஒரு சீட்டு எழுதி நீட்டினார். “போய் அவர்களைக் கூட்டிக்கொண்டு வா. அவர்கள் வராவிட்டால் நீயும் வர வேண்டாம்.”

மழையில் பூப்பாறை தாண்டி நடந்தேன், பாதி தூரம் ஓடினேன். சாயங்காலம், மலை இறங்கும் பாதைக்கு முன்னால், பொதிமாட்டுக்காரர்கள் தங்கும் கொட்டகையில் அவர்களைக் கண்டேன். அவன் சாக்கைப் போர்த்திக்கொண்டு பல் கிட்ட நடுங்கிக்கொண்டிருந்தான். துரை திரும்ப வரச் சொல்லிவிட்டார் என்றேன். அந்தப் பெண் அப்படியே என் காலில் விழப் போனாள்.

“நீங்க எழுதுன மனுவாலதான்யா துரைக்கு எரக்கம் வந்திருக்கு.”

அந்த நன்றியை அப்படியே வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். அவளுக்குத் தெரியவே போவதில்லை. என்னால் முடியவில்லை. “இல்லீங்க, நீங்க லயத்தைவிட்டு வெளிய வந்ததே நான் எழுதுனதாலதானுங்க” என்று நடந்தது முழுவதையும் சொன்னேன்.

அவள் புருஷன்மேல் சாக்கை இழுத்துப் போர்த்திவிட்டாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பிறகு, “எழுதி முடிச்சதும் என்ன எழுதியிருக்குன்னு தமிழ்ல ஒரு தடவ எனக்குச் சொல்லியிருக்கலாமேய்யா” என்றாள். அவ்வளவுதான்.

அப்போது தமிழில் சொல்லிப் பார்த்திருந்தாலும் அந்தத் தவறு எனக்குத் தெரிந்திருக்காது என்பது உண்மை. ஆனாலும் அவள் சொன்னது சரி. அவளுடைய மனுவில் அவளை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

மறுநாள் காலையில் இரண்டு மாட்டுக்காரர்கள் உதவியோடு, கம்பளியைத் தூளி போலக் கட்டி அவனைத் தூக்கி வந்தோம். கொயினா மருந்து கொடுத்ததில், ஒன்றரை மாதத்தில் எழுந்து நடமாடினான். என்னோடு பேசும்போது அவன் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

அதன் பிறகும் பல வருஷம் அந்த மலையில் எத்தனையோ பேருக்கு மனு எழுதினேன். ஒவ்வொன்றையும் கைநாட்டு வாங்குவதற்கு முன் அவர்களுக்குத் தமிழில் படித்துச் சொன்னேன். அப்படிச் சொல்லும்போதுதான் எந்தச் சொல் அவர்களுக்கு வேண்டும், எந்தச் சொல் எனக்கு மட்டும் வேண்டும் என்பது பிடிபடும். இந்த வயதிலும் புதிய இங்கிலீஷ் சொல் ஒன்று கண்ணில் பட்டால் மனம் துள்ளத்தான் செய்கிறது. ஆனால் அதை இன்னொருவருக்காக எழுத எடுக்கும்போது, அதனால் அவருக்கு என்ன ஆகும் என்று யோசித்த பிறகுதான் பேனா நகர்கிறது.