ஆத்மநாதனுக்கு வந்த மொய்

கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் தராசு பிடிக்கிற ஆத்மநாதனுக்குக் காலை பத்து மணிக்கு மேல் வேலை கிடையாது. மல்லிகையும் சம்பங்கியும் வண்டி ஏறிப் போன பிறகு, ஈரச் சாக்கை ஓரமாகத் தள்ளிவிட்டுச் செல்போனோடு உட்கார்ந்தால் மதியச் சாப்பாடு வரை எழுந்திருக்க மாட்டார். சீட்டு விளையாடுகிறார் என்று கடைக்காரர்கள் நினைத்தார்கள். அவர் மனைவி மணிமேகலை அதைவிட மோசமாக நினைத்து, ஒரு நாள் பின்னால் போய் நின்று எட்டிப் பார்த்தாள். மனுஷன் முகம் தெரியாத யாருக்கோ பாஸ்போர்ட்டைப் பற்றி விளக்கம் எழுதிக்கொண்டிருந்தார். அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

'கடல்தாண்டி' என்று ஒரு செயலி. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களும் அவர்கள் வீட்டு ஜனங்களும் கூடுகிற இடம். இந்த ஏஜெண்டை நம்பலாமா, இந்த விசாவில் வேலை பார்க்கலாமா, முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டால் யாரிடம் போவது என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். தெரிந்தவர்கள் பதில் எழுதுவார்கள். பதில் பிடித்துப்போனால் அதன் கீழே ஓர் இதயத்தை அழுத்துவார்கள். இதயம் சேரச் சேர, எழுதியவர் பெயருக்குப் பக்கத்தில் 'நம்பிக்கைக்குரியவர்' என்று பச்சைக் குறி வரும். பச்சைக் குறிக்காரர் சொல் மேலே நிற்கும், மற்றவர்கள் சொல் அடியில் கிடக்கும். பச்சைக்கும் மேலே தங்கம் என்று ஒன்று உண்டு.

ஆத்மநாதனுக்குப் பச்சைக் குறி இருந்தது. அது சும்மா வந்ததல்ல. ஓட்டல் வேலை என்று நம்பிச் சுற்றுலா விசாவில் மலேசியா போய், ஒளிந்து ஒளிந்து பாத்திரம் கழுவி, பிடிபட்டு, அங்கே அடைபட்டுக் கிடந்து, கட்டிய துணியோடு திருச்சியில் வந்து இறங்கியவர் அவர். தான் விழுந்த குழியில் இன்னொருவன் விழக் கூடாது என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இல்லை. அவர் பதிலைப் படித்துவிட்டுப் போகாமல் நின்றவர்கள் சுற்றுப்பட்டு ஊர்களில் நிறையப் பேர். மைக் செட் கண்ணனின் தம்பி அவர்களில் ஒருவன். அவன் நின்றுவிட்டான். அதே ஏஜெண்டை நம்பிப் போன கூட்டாளி ஒரு வருஷம் ஊர் திரும்பவில்லை. அன்றிலிருந்து கண்ணனுக்கு ஆத்மநாதன் என்றால் குலசாமி மாதிரி.

இந்த இடத்தில் அந்தப் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆடி பிறந்தால் அங்கே மொய் விருந்து. பந்தல் போட்டுக் கறிச்சோறு போடுவார்கள், வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் செய்துவிட்டுப் போவார்கள். ஒருவர் செய்ததை, அவர் விருந்து வைக்கும்போது மற்றவர் திருப்பிச் செய்ய வேண்டும். திருப்பும்போது கொஞ்சம் கூட்டிச் செய்ய வேண்டும். வாங்கிவிட்டுச் செய்யாதவன் வீட்டில் பெண் எடுக்கக்கூட யோசிப்பார்கள். பெற்றதைத் திருப்புவதுதான் அங்கே நாணயம், அங்கே மரியாதை, அங்கே மனிதத்தனம்.

கண்ணனை அரித்ததும் அதுதான். அண்ணன் இத்தனை பேருக்கு நல்லது செய்திருக்கிறார், ஆனால் விருந்து வைக்கிற ஆளில்லை. வைக்காதவருக்கு எப்படித் திருப்புவது? அந்தச் சமயம் பார்த்துச் செயலிக்காரர்கள் ஓர் அறிவிப்புப் போட்டார்கள். இனி உண்மையான ஈடுபாட்டுக்கே மரியாதை, உழைக்கும் உறுப்பினர்களை இதயம் கொடுத்து உயர்த்துங்கள் என்று. கண்ணனுக்கு வழி கிடைத்துவிட்டது. அந்த ஆடியில் ஒரு பெரிய விருந்துப் பந்தலில், பந்திக்கு ஆள் கூப்பிடுகிற மைக்கிலேயே கூப்பிட்டான்.

"சாப்புட்டுட்டுப் போறவங்க, செல்லை எடுத்து நம்ம ஆத்மநாதன் அண்ணனுக்கு ஒரு ஹார்ட்டைப் போட்டுட்டுப் போங்க. மொய்யின்னு நெனச்சுப் போடுங்க."

செயலி இல்லாதவர்களுக்கு வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்திலேயே ஏற்றிக் கொடுக்கப்பட்டது. ஆத்மநாதன் அப்போது பந்தியில் உட்கார்ந்து எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் போன் துடித்தது, நின்றது, மறுபடி துடித்தது. கை கழுவிவிட்டு எடுத்துப் பார்த்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. அடைபட்டுக் கிடந்து திரும்பியவன் என்று முதுகுக்குப் பின்னால் பேசிய ஊர், இன்று மைக் போட்டுத் தன் பெயரைச் சொல்கிறது. அவர் வாழ்நாளில் அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன் வந்ததில்லை.

மறுநாள் பூ வண்டி கிளம்பியதும் உட்கார்ந்தார். வாங்கியாகிவிட்டது, திருப்ப வேண்டும். இதயம் போட்டவர்கள் ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்தார். அவர்களில் பாதிப் பேர் தங்கள் பக்கத்தில் சேவல் படம்தான் போட்டிருந்தார்கள். ஒருவர் காலை வணக்கம் போட்டிருந்தார். எதுவாக இருந்தால் என்ன, ஒன்று போட்டவருக்கு இரண்டு போட்டார். ஒருவரையும் விடவில்லை. விட்டால் பேச்சு வந்துவிடும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது அங்கேதான்.

அடுத்த வாரம் பச்சைக் குறி போய்ச் சிவப்புக் குறி வந்தது. 'இந்த உறுப்பினர் செயற்கையாகத் தன் மதிப்பைக் கூட்டியிருக்கிறார். இவரை நம்பும் முன் யோசிக்கவும்' என்று கீழே எழுத்து. மூன்று மாதத்துக்கு அவர் எழுதுவதெல்லாம் அடியில் மடங்கிக் கிடக்கும், யாராவது தேடித் திறந்தால்தான் தெரியும். ஒரே பந்தலிலிருந்து ஒரே நேரத்தில் அத்தனை பேர் இதயம் போட்டதும், அவர் அத்தனை பேருக்கும் திருப்பிப் போட்டதும், ஆள் வைத்து இதயம் சேர்க்கிற மோசடியின் அங்க அடையாளமாம். கணக்குப் பார்க்கிற இயந்திரத்துக்குக் கறிச்சோறு தெரியுமா, கண்ணன் தெரியுமா?

ஆத்மநாதன் அவர்களுக்கு எழுதினார். மொய் என்றால் என்ன என்று பொறுமையாக விளக்கினார். உடனே பதில் வந்தது, உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று. மறுபடி எழுதினார். ஓர் இதயத்துக்குப் பதிலாக இன்னோர் இதயம் இடுவது விதிமீறல் என்று வந்தது. மூன்றாம் முறையும் அதே வரிதான் வந்தது. வாங்கியதைத் திருப்பிச் செய்வது தப்பு என்று ஒருவன் சொன்னால், அவனிடம் மேற்கொண்டு எந்தப் பாஷையில் பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

கண்ணனைக் கூப்பிட்டு, போட்டதை எல்லோரும் எடுத்துவிட்டால் ஒருவேளை சரியாகும், சொல்லிப் பார் என்றார். கண்ணன் சொல்லிப் பார்த்தான். ஒருவரும் இசையவில்லை. செய்த மொய்யைத் திரும்ப எடுப்பதா, அப்படி ஓர் ஈனம் எங்கள் வம்சத்தில் இல்லை என்று ஒரு பெரியவர் சண்டைக்கே வந்துவிட்டார்.

ஆவணியில் அந்தக் கேள்வி வந்தது. கட்டுமாவடியிலிருந்து இளமதி என்ற பெண் கேட்டிருந்தாள். வீட்டுக்காரர் வெற்றிசெல்வன் படகு வேலையை விட்டுவிட்டு மலேசியா போகிறார், வெள்ளிச்சிறகு என்கிற ஏஜென்சி அனுப்புகிறது, முதலில் சுற்றுலா விசா, போனபிறகு மாற்றித் தருவார்களாம், நம்பிப் போகலாமா என்று. ஆத்மநாதன் அந்த ஏஜென்சியின் பக்கத்தைத் திறந்து பார்த்தார். பெயர்தான் புதிது. போட்டோவில் சிரிக்கிற ஆள், தன்னை அனுப்பிய அதே ஆள்.

அந்தக் கேள்விக்கு முதல் பதிலாக வெள்ளிச்சிறகே நின்றது, தங்கக் குறியோடு. அவர்கள் விதி மீறாதவர்கள். தினம் காலையில் எல்லோருக்கும் வாழ்த்துகள் என்று போடுவார்கள். பல ஊரிலிருந்து சொட்டுச் சொட்டாக இதயம் விழும், யாருக்கும் திருப்பிப் போட மாட்டார்கள். இயந்திரத்துக்கு அவர்களைப் பிடித்திருந்தது. ஆத்மநாதன் தனக்கு நடந்ததையெல்லாம் எழுதினார். அது அடியில் மடங்கிக் கொண்டது. தெரிந்தவங்க யாராச்சும் சொல்லுங்க என்று அந்தப் பெண் மறுபடி கேட்டாள். அவர் மறுபடி எழுதினார். அதுவும் மடங்கியது. கதவுக்கு வெளியே நின்று கத்துகிற மாதிரி இருந்தது.

அவரால் உட்கார முடியவில்லை. அறந்தாங்கி போய்ப் பஸ் மாறிக் கட்டுமாவடியில் இறங்கினார். மீன் ஏலக் கூடத்தில் விசாரித்ததும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். வாசலில் நெத்திலி காய்ந்தது. பயணத்துக்கு வாங்கிய புதுப் பையின் விலை அட்டையைக்கூட வெற்றிசெல்வன் இன்னும் பிய்க்கவில்லை. ஆத்மநாதன் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். ஒளிந்திருந்ததை, பிடிபட்டதை, அந்தச் சிரிக்கிற முகத்தை, எல்லாவற்றையும். புருஷன் பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இளமதி கடைசி வரை கேட்டாள். பிறகு செல்போனை எடுத்து அவர் பெயரைத் தேடினாள். அவள் முகம் மாறியதை ஆத்மநாதன் பார்த்தார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே," என்றாள். "ஒங்க பேருக்குப் பக்கத்துல செவப்புல போட்டுருக்கு. அவுகளுக்குத் தங்கக் குறி இருக்கு. நான் எதைண்ணே நம்புறது?"

மொய் விருந்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். கறிச்சோறு, கண்ணன், மைக், சேவல் படம். சொல்லச் சொல்ல அது அவருக்கே பொய் மாதிரிக் கேட்டது. போட்டிக்காரன் அனுப்பிய ஆளாக இருக்கும் என்று வெற்றிசெல்வன் முணுமுணுத்தான். அவனையும் குறை சொல்வதற்கில்லை. இளமதி மட்டும் வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், கொஞ்சம் கருவாட்டைத் தாளில் மடித்துக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். வழியெல்லாம் அந்த வாசனை கூடவே வந்தது. வீட்டில் மணிமேகலை குழம்பு வைத்தாள். அவருக்கு இறங்கவில்லை.

புரட்டாசியில் வெற்றிசெல்வன் விமானம் ஏறினான். விமான நிலையத்தில் எடுத்த போட்டோவை இளமதி செயலியில் போட்டிருந்தாள். வெள்ளிச்சிறகு வாழ்த்துகள் சொல்லியிருந்தது.

ஐப்பசி மழையில் பூ வரத்துக் குறைந்த ஒரு காலையில், ஆத்மநாதனின் சிவப்புக் குறி தானாகவே போய்விட்டது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, மன்னிக்கவும் இல்லை, காலம் முடிந்தது, அவ்வளவுதான். அடியில் கிடந்த பதில்கள் மேலே வந்தன. இளமதிக்கு ஆவணியில் எழுதியதும் வந்தது.

கொஞ்ச நேரத்தில் போன் துடித்தது. அந்தப் பதிலுக்கு ஓர் இதயம். போட்டவள் இளமதி. கீழே எழுதியிருந்தாள்: "அண்ணே, எங்க வீட்டுக்காரரை அங்க புடிச்சு வச்சுருக்காங்களாம். கூட இருந்த ஆளு போன் பண்ணுச்சு. ஏஜெண்டு போனை எடுக்க மாட்டேங்குறாரு. எதாச்சும் வழி சொல்லுங்கண்ணே."

ஆத்மநாதனுக்கு வழி தெரியும். கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுக்க வேண்டும், தூதரகத்துக்கு எழுத வேண்டும், என்னென்ன காகிதம் வேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் மறுபடி துடித்தது. அவருடைய வேறொரு பழைய பதிலுக்கு இதயம். இளமதிதான். அப்புறம் இன்னொன்று, இன்னொன்று. அவர் வருஷக்கணக்காக யார் யாருக்கோ எழுதியதையெல்லாம் தேடித் தேடி அவள் அழுத்திக்கொண்டே வந்தாள். அவளும் அந்தப் பக்கத்துப் பெண்தானே. ஓர் உதவி கேட்கப் போகிற இடத்துக்கு முன்கூட்டியே மொய் செய்துவிட்டுப் போகிற மாதிரி, கையில் இருந்த ஒன்றைச் செய்தாள்.

போதும் தாயி, நிறுத்து என்று அவர் எழுதி அனுப்பினார். அவள் அதைப் பார்க்கவில்லை, அழுத்துவதிலேயே இருந்தாள். ஒரே உறுப்பினரிடமிருந்து வழக்கத்துக்கு மாறான ஈடுபாடு என்று ஓர் எச்சரிக்கை வந்தது. ஆத்மநாதன் அவசர அவசரமாகத் தூதரக முகவரியைத் தேடி எழுதி முடித்தார். அனுப்பியபோது பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு வந்திருந்தது. எழுதியது மடங்கிக் கொண்டது.

சுற்றி ஈரச் சாக்குகள் கிடந்தன. யார்மேல் கோபப்படுவது என்றுகூட அவருக்குப் பிடிபடவில்லை. மணிமேகலைக்குப் போன் செய்து, கட்டுமாவடி வரை போய்விட்டு வருவதாகச் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு என்ன கொண்டு போகிறீர்கள் என்று அவள் கேட்டாள். கருவாடு வாங்கி வந்தது அவளுக்கு நினைவிருந்தது. பதிலுக்கு ஒரு முழம் பூவாவது வாங்கிக்கொண்டு போங்கள் என்றாள்.

எதிரில் கூடை நிறையப் பூ இருந்தது. புருஷன் எங்கே கிடக்கிறானோ என்று தவிக்கிற வீட்டுக்குப் பூ கொண்டு போக அவருக்குக் கை வரவில்லை. ஒரு வீட்டில் வாங்கிவிட்டு அதே வீட்டுக்கு வெறுங்கையோடு போவது அவருக்கு அதுதான் முதல் தடவை. மழையில் நனைந்துகொண்டே போய் அறந்தாங்கி பஸ்ஸில் ஏறினார்.