பெரியவருக்குத் தெரியக் கூடாது

கீபோர்டைத் தலைகீழாகக் கவிழ்த்து முதுகில் நாலு சாத்து சாத்தினால்தான் சிஸ்டம் அக்காவுக்குப் பொழுது விடியும். கொட்டுகிற துணுக்குகளைப் பார்த்தே யார் என்ன தின்றார்கள் என்று சொல்லிவிடுவாள். மேனேஜர் பட்டினி கிடந்து உடம்பைக் குறைக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த வாரத்தில், அவர் கீபோர்டிலிருந்து விழுந்த கேக் துணுக்குகளைக் காகிதத்தில் மடித்து அவர் மேசைமேலேயே வைத்துவிட்டு வந்தவள்.

ரொட்டித் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பது அவள் வேலை. வயது நாற்பத்தாறு. கொண்டையில் ஊசி இருக்க வேண்டிய இடத்தில் சின்ன ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். பொறுப்பில் இருபது புது மெஷின் இருந்தாலும் செல்லம் ஒன்றுதான். அடுப்பறைச் சுவரோரம், அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிற கிழட்டுக் கம்ப்யூட்டர். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, பிளாப்பியைச் செருகினால் கரகரவென்று தொண்டையைச் செருமும். ராட்சச அடுப்புக்குச் சூடு ஏற்றுவதும் இறக்குவதும் அதுதான். அவள் அதற்கு வைத்த பெயர் பெரியவர். பெரியவருக்கான பிளாப்பிகள் காலி பிஸ்கட் டின்னில், பூட்டிய அலமாரியில் இருக்கின்றன. வீட்டு நகைக்குக்கூட அவள் பூட்டுப் போட்டதில்லை.

"எந்திரிங்க பெரியவரே, மாவு பொங்கி வழியுது" என்று வலது விலாவில் ஒரு தட்டு. எழுந்துவிடும். வேறு யார் தட்டினாலும் அசையாது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் தலைமை அலுவலகம் ஒரு கடுதாசியைத் தூக்கிப் போட்டது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து சர்டிபிகேட் பரீட்சையில் தேறியவர்கள்தான் மெஷினைத் தொடலாம். சர்டிபிகேட்டை அவரவர் இருக்கைக்கு மேலே சுவரில் மாட்டவும் வேண்டும். தேறாதவர்கள் ரொட்டிக்கு உறை போடப் போகலாம். கம்ப்யூட்டரிலேயே விடையை அமுக்குகிற நாற்பது கேள்வி, முப்பது எடுத்தால் போதும். அக்கா இரண்டு தடவை எழுதினாள். இரண்டு தடவையும் இருபத்தொன்பது.

குட்டு மார்க் சீட்டில் உடைந்தது. பழைய கம்ப்யூட்டர்களைப் பற்றி மொத்தமே ஒரு கேள்வி. வேலை செய்யும் இடத்தில் மிகப் பழைய மெஷின் ஒன்று இருந்தால் என்ன செய்வீர்கள்? தூசி தட்டி, ஒயரைச் சரிபார்த்து, தொடர்ந்து ஓட்டுவேன் என்பதை அக்கா இரண்டு தடவையும் அமுக்கியிருக்கிறாள். அவர்களுக்கு வேண்டிய விடை, 'அகற்றவும்'.

பயிற்சி வகுப்பு வாத்தியாரிடம் சண்டைக்கே போனாள். பழசு என்பது கடல், கம்பெனிக்கு ஒரு கிழம் இருக்கும், எதையென்று பாடத்தில் வைப்பது என்று அவர் கையை விரித்தார். அந்த நியாயம் அவளுக்கும் புரிந்தது. ஆனால் அடங்கினாளா? "எல்லாக் கிழத்தையும் புஸ்தகத்துல ஏத்த வேணாம் சார். ஓடிட்டு இருக்கறதைத் தூக்கிப் போடுன்னு எழுதாம இருக்கலாம்ல?"

வீட்டில் கேள்வி கேட்பது ஓரகத்தி. மடியில் பூண்டு, முழங்காலில் புத்தகம். உரித்து உரித்து, கேட்டுக் கேட்டு, அவளுக்கே நாற்பதும் மனப்பாடம். அவளை அனுப்பியிருந்தால் முதல் தடவையே பாஸ்.

"அக்கா, மருமகளுக்குப் பரீட்சை வச்சா மாமியாரைப் பத்தித்தானே முதல் கேள்வி கேக்கணும்? வீட்டுல ஓடிட்டு இருக்கறது அவங்கதானே" என்றாள் ஒருநாள்.

கூடத்திலிருந்து மாமியார் குரல் வந்தது. "என்னை அகத்துறதுக்கு எத்தனை மார்க்குடி?"

"ஒண்ணுதான் அத்தே."

"அவ்வளவுதானா? அப்ப நான் இருந்துக்கறேன்."

மூவரும் சிரித்த சிரிப்பில் பூண்டுத் தோல் கூடம் முழுக்கப் பறந்தது. சிரித்து ஓய்ந்ததும் ஓரகத்தி புத்தகத்தை மூடினாள். அடுத்த வாரம் முதல் தேதி. இதுதான் கடைசித் தடவை. "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாங்கறாங்க. ஒரே ஒரு பொய் சொல்லிட்டு வாக்கா. நீ உறை போடப் போயிட்டா உன் பெரியவரை யாரு எழுப்புவா?"

அக்கா ஸ்க்ரூ டிரைவரை உருவிக் கொண்டையை இறுக்கிக்கொண்டாள்.

பரீட்சையில் அந்தக் கேள்வி முப்பத்தேழாவதாக வந்து நின்றது. அதன் முன்னால் பதினொரு நிமிடம் உட்கார்ந்திருந்தாளாம். மவுஸ் கெட்டுவிட்டதா என்று கண்காணிப்பாளரே வந்து கேட்டிருக்கிறார். மவுஸெல்லாம் நல்லாத்தான் இருக்கு என்று சொல்லி, கசப்பு மருந்து குடிக்கிற குழந்தைபோலக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அமுக்கினாள்.

முப்பது. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

சர்டிபிகேட்டைச் சட்டம் போட்டுப் பையில் வைத்துக்கொண்டு நேராகத் தொழிற்சாலைக்கு வந்தாள். அடுப்படி ஆட்கள் கைதட்டினார்கள். பேக்கிங் பெண்கள் ஆளுக்கொரு பன்னை அவள் வாயில் திணித்தார்கள். மேனேஜரே ஆணியும் சுத்தியலும் கொண்டுவந்து, எடுங்க, மாட்டிடலாம் என்றார்.

"இருங்க சார்" என்றாள் வாய் நிறைய பன்னோடு.

கொடியில் காய்ந்துகொண்டிருந்த மாவுத் துணியை எடுத்து இரண்டு உதறு உதறினாள். பெரியவரின் திரையை ஒரு ஓரம்கூடத் தெரியாமல் மூடினாள். பிறகுதான் பையைத் திறந்தாள்.