கூரா ஜோப் நனைத்த கைக்குட்டை

சட்டையின் கழுத்துப்பட்டையைப் பலகையில் ஓர் அறை அறைந்து, "நேத்து ராத்திரி எங்க போயிருந்த?" என்று விசாரிக்கிறாள் கூரா ஜோப். செயின்ட் லூயி நகரத்துப் பிரெஞ்சுத் துரைமார்கள் நாட்டை ஆள்கிறார்கள். அவர்களுடைய வெள்ளை உடுப்புகளைச் செனகல் ஆற்றங்கரையில் கூரா ஆள்கிறாள். நீதிபதியின் சட்டைக்கும் சலுகை கிடையாது. ஒயின் கறையோ, ஊரார் வீட்டு உதட்டுச்சாயமோ, தண்டனை ஒன்றுதான்: சவுக்காரம், நீலம், கஞ்சி.

காலையில் தபால்காரர் மசம்பா ந்ஜாய் அந்த வழியாக வருவார்.

"என் அடிமை இன்னும் உயிரோடதான் இருக்காளா?"

"வந்துட்டான்யா சோத்துமூட்டை. நீதான்டா என் அடிமை."

ஜோப் குலத்துக்கும் ந்ஜாய் குலத்துக்கும் பாட்டன் காலத்திலிருந்து இதுதான் நலம் விசாரிப்பு. திட்டாமல் போனால்தான் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கவலைப்பட வேண்டும்.

இந்த நலம் விசாரிப்பின் முதல் பாதி, சுங்க அதிகாரியின் மனைவி மதாம் லெர்மியே காதில் விழுந்தது. அவர் வீட்டுச் சமையற்காரர் சொல்லுக்குச் சொல் பெயர்த்துச் சொன்னார். சிரிப்பைப் பெயர்க்க அவருக்குப் பிரெஞ்சு போதவில்லை. மதாம் உருகிப்போய், லியோனில் இருக்கும் தங்கைக்கு எழுதும் கடிதங்களாக ஒரு நாவலே எழுதிவிட்டார். பதினோராம் கடிதத்தில் கூரா அடிமை. அடுத்ததில் மதாம் அவளை மீட்கிறார். அதற்கடுத்ததில், நன்றி பெருகி மதாமின் கைக்குட்டை நனைய அழுகிறாள். பெயரைக்கூட மாற்றவில்லை, காதுக்கு இனிமையாக இருந்ததாம்.

அச்சாகி வந்த புத்தகத்தை மசம்பாதான் ஆற்றங்கரையில் படித்துச் சொன்னார். கூரா நிதானமாகக் கேட்டாள்.

"அவங்க கைக்குட்டைய நான் நனைச்சது வாஸ்தவம்தான். சவுக்காரத் தண்ணியில."

மசம்பா விழுந்து விழுந்து சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. மகளுக்கு டக்காரில் சம்பந்தம் பேசியிருந்தது. பிரெஞ்சு படிக்கிற குடும்பம். அதற்குள் அவர்களும் அந்தப் புத்தகத்தைப் படித்து, ஆள்விட்டு, பெண்ணின் குலம் என்ன என்று மறுபடி கேட்டிருந்தார்கள்.

"நீ சொன்னா காத்தோட போயிடும்டா. அச்சுல ஏறினது எம் பொண்ணு தலையிலதானே உக்காருது."

இந்த நேரத்தில்தான் மதாமிடமிருந்து அழைப்பு வந்தது. நகர மண்டபத்தில் நாவலை வாசிக்கப் போகிறாராம். கூரா பக்கத்தில் நிற்க வேண்டுமாம். கந்தல் உடுத்தி வந்தால் விசேஷமாம். கூரா உடனே ஒப்புக்கொண்டாள். டக்கார் சம்பந்தியையும் வரச்சொல்லி அனுப்பினாள்.

கருநீலப் பட்டு அங்கி தரையில் புரள, காதில் பொன் வளையங்கள் ஆட, மேடை ஏறினாள். மதாம் கந்தலைத் தேடிவிட்டு வாசிக்கத் தொடங்கினார். கண்ணீர்க் கட்டம் வந்ததும் கூராவைத் திரும்பிப் பார்த்தார். கூரா கடைசி வரிசையைப் பார்த்தாள்.

"டேய் ந்ஜாய், என் அடிமையே. உன்ன வித்து அரிசி வாங்கிட்டேன்னு இந்த மதாமுக்கு ஒரு கடுதாசி எழுதிப் போடு."

மசம்பா எழுந்து தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். "ஆகட்டும் எஜமானி. ஆக்குன சோத்துல எனக்கும் ஒரு வாய் உண்டா?"

உள்ளூர்க்காரர்கள் அமர்ந்திருந்த பாதி மண்டபம் குலுங்கியது. டக்கார் சம்பந்தி தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். முன்வரிசைத் துரைமார்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என்ன சொன்னாள் என்று மதாம் கேட்க, சமையற்காரர் இம்முறையும் சொல்லுக்குச் சொல் பெயர்த்தார்; சிரிப்பை மண்டபமே பெயர்த்துக்கொண்டிருந்தது. மதாமின் முகம் சிவந்தது, கண் நிறைந்தது.

கூரா இடுப்பிலிருந்து மதாமின் கைக்குட்டையை எடுத்தாள். கஞ்சி போட்டு, தேய்த்து, நாலாக மடித்தது. ஒரு மடிப்பும் கலையாமல் அதை அவரிடம் நீட்டினாள்.